பச்சை பூட்ஸ்

அத்தியாயம் ஒன்பது

பன்னிரண்டு தாங்கிகளும் அலமாரியில் அப்படியே இருந்தன. பொம்மைகள்தான் இல்லை.

போன வாரம் இங்கேதான் விட்டோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பல்லுக்காரி, கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல், "தம்பி எடுத்துட்டுப் போனான். யார்கிட்டயோ காட்டணுமாம். தந்துடுவான்" என்றாள். தம்பியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் அம்மாவும் இல்லை. மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு. "வெளியே போகிறேன். சாயங்காலம் வருவேன்." எழுபத்து மூன்று வயது, இரண்டு முட்டியிலும் வலி, பக்கத்துக் கடைக்குப் போகவே துணைக்கு ஆள் தேடும் மனுஷி, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

பல்லுக்காரி என்பது வீட்டில் வைத்த பெயர். அவள் பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பல்செட் செய்கிற லேபில் இருபத்து நான்கு வருடமாக வேலை. வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஒத்துவராமல் அம்மாவிடமே திரும்பி வந்து பதினாறு வருடம். அந்த அலமாரி அவள் அறையில், அவள் கட்டிலுக்கு எதிரே இருந்தது. அதைப் பூட்டுகிற பழக்கம் கிடையாது. சொந்த வீட்டில் யார் கைவைக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. நினைப்புக்கு நல்ல பரிசு கிடைத்தது.

பொம்மைகள் 'கடலடிப் படை' கார்ட்டூனில் வந்த ஆட்கள். அக்காவும் தம்பியும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிறு காலையில் அரை மணி நேரம் வரும். வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. அப்பா சம்பள நாளன்று ஒரு பொம்மையோடு வருவார், தம்பிக்கு. பதினோரு மாதம், பதினோரு பொம்மை. தம்பி ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கொஞ்சுவான், மறு வாரம் உடைப்பான். கேப்டனின் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான், எப்படி உடைகிறது என்று பார்ப்பதற்கு. உடைந்ததெல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். அக்கா அதைப் பொறுக்கி ஒரு பென்சில் டப்பாவில் சேர்த்துவைப்பாள். அவளுக்கென்று யாரும் எதுவும் வாங்கித் தரவில்லை. பெண் பிள்ளைக்கு எதற்குச் சண்டைக்கார பொம்மை என்று வீட்டில் யாரும் சொன்னதுகூட இல்லை. சொல்லுமளவுக்கு யோசித்தால்தானே.

இருபது வயதில் லேபில் சேர்ந்ததும் பென்சில் டப்பா திறந்தது. பல்செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் மிச்சம் மீதி எப்போதும் இருக்கும். அதில் கை செய்தாள், கால் செய்தாள், மேலே பெயிண்ட் அடித்தாள். பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள்தான் உளவுக்காரி. கதையிலேயே மூன்று வாரம்தான் வருவாள். பொம்மை டப்பாக்களின் பின்பக்கம் மற்றவர்களுக்கெல்லாம் படம் இருக்கும், இவளுக்கு மட்டும் ஒரு கறுப்பு நிழலும் 'விரைவில்' என்ற வார்த்தையும் இருக்கும். பொம்பளை பொம்மையைப் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று கம்பெனி கொஞ்சத்தோடு நிறுத்திக்கொண்டதாகப் பிறகு கேள்வி. கடைகளுக்கு வரவே இல்லை.

ஆகவே பல்லுக்காரி அவளைத் தலைமுதல் கால்வரை தானே செய்தாள். மூன்று மாத மதியச் சாப்பாட்டு நேரம். டிவியில் பூட்ஸ் சாம்பலாகத்தான் தெரியும். பச்சையாக இருக்கும் என்று முடிவு செய்து பச்சை அடித்தாள். பல வருடம் கழித்து நெட்டில் ஒரு பழைய விளம்பரப் படத்தைப் பார்த்தபோதுதான் மஞ்சள் என்று தெரிந்தது. மாற்றவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "பழைய சாமான் கடையில கிடைச்சுது" என்று சொல்லியிருந்தாள். வளர்ந்த பெண் உட்கார்ந்து பொம்மை செய்கிறாள் என்று சிரிப்பார்களே. அந்தப் பொய்தான் இன்றைக்கு இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

*

மத்தியானம் இரண்டரை மணிக்கு லேபில் மெழுகு வேலை பார்க்கிறவர் போனை நீட்டினார்.

"இது உன் தம்பிதானே? நம்ம லேப் ஆண்டு விழாவுக்கு வந்து எல்லாருக்கும் தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கப் பார்த்தானே?"

அவனேதான். கையில் உளவுக்காரி. பல் முழுக்கத் தெரியச் சிரிப்பு. மேலே கொட்டை எழுத்தில்: 'சின்ன வயசு ஹீரோக்கள். கார்ட்டூன் பொம்மைக் கண்காட்சி. இன்று ஒரு நாள் மட்டும்.' கீழே பொடி எழுத்தில்: 'முதல் பரிசு பெறும் மேசை, சேகரித்தவரின் பெயரோடு ஒரு வருடம் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்படும். மாலை நான்கு மணிக்குக் கையெழுத்து, அங்கேயே பெட்டியில் அடைக்கப்படும்.'

"ஒரு வருஷமா?" என்றாள் பல்லுக்காரி.

"நல்லாத்தான் சேர்த்திருக்கான். நீ சொல்லவே இல்லையே."

"அவன் சேர்த்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"போட்டிருக்கே."

போட்டிருந்தது. அவ்வளவுதான் வேண்டும் ஜனங்களுக்கு.

கையில் ஒரு கீழ் வரிசை பாதி மெருகில் இருந்தது. அதை ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். மெழுகுத் தகடு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் காலிசெய்து, பஞ்சு திணித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்கே கிளம்பிட்டே? முதலாளி கேட்டா?"

"பல்லு வலின்னு சொல்லுங்க."

*

பெரிய மண்டபம். நாற்பது மேசை இருக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் இடுப்புச் சுற்றளவு கூடிப்போன காலத்தில் கார்ட்டூன் பனியன் போட்டுக்கொண்டு, ஒருவர் பொம்மையை இன்னொருவர் மூச்சு விடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் தொடவிடவில்லை. தொடாமல் வைத்திருப்பதுதான் இங்கே பெருமை. டப்பாவைப் பிரிக்காதவன் ராஜா.

தம்பியின் மேசை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். தாங்கி இல்லாமல் அவர்களால் நிற்க முடியாதே என்று குனிந்து பார்த்தாள். இருபக்கமும் ஒட்டும் டேப். பாதத்துக்குக் கீழே டேப்பை ஒட்டி மேசையோடு அமுக்கிவைத்திருந்தான். மேலே எடுத்தால் பெயிண்ட் உரிந்து வரும். இருபது வருடப் பெயிண்ட்.



தம்பி அவளைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மெஷின் விற்று விற்று வழவழப்பான குரல்.

"எங்க வீட்டுல கறுப்பு வெள்ளை டிவிதாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா நான் தரையில குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் தாடைக்குக் கொடுத்துக்கிட்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி. முட்டி தேஞ்சுபோயிருக்கும். கேப்டனுக்குக் கை உடைஞ்சப்ப மூணு நாள் சரியா சாப்பிடல நான். உடைஞ்ச கையை ஒரு பென்சில் டப்பாவுல போட்டு வெச்சேன்."

தரையில் குப்புறப் படுத்தது அவள். அவன் அப்பா மடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பென்சில் டப்பா அவளுடையது. கையை உடைத்தது மட்டும்தான் அவனுடையது, அதைத்தான் விட்டுவிட்டான். பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவன் அவளுடைய முட்டியையும் அல்லவா தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் அம்மா. மடியில் ஒரு பூங்கொத்து. நெஞ்சில் ஒரு அட்டை குத்தியிருந்தது: 'வாங்கித் தந்த தாய்.'

பல்லுக்காரி நேராக அங்கே போனாள்.

"முட்டி வலிக்கலையா?"

அம்மா நிமிர்ந்தாள். முகம் ஒரு நொடி வெளிறி, உடனே கெட்டியானது. "நீ வேலைக்குப் போகல?"

"போனேன். இது என்னம்மா அட்டை?"

"குத்திவிட்டாங்க. நான் கேட்டேனா?"

"கழட்டலாம்ல."

"மெதுவா பேசு. எல்லாரும் பார்க்கிறாங்க. ஒரு வருஷம்தானே, குடுத்துட்டுப் போயேன். அவனுக்கு இதுல ஒரு பேரு வருது. அவனுக்கு எதுதான் சரியா அமைஞ்சுது சொல்லு."

"எனக்கு அமைஞ்சுதா?"

"உனக்கு வேலை இருக்கு."

அம்மா சொன்னதில் ஒரு கபடமும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். உனக்குக் கால் இருக்கிறது, ஆகவே உன் செருப்பை அவனுக்குக் கொடு என்கிற மாதிரி.

"அதுவும் இல்லாம, அப்பா அவனுக்குத்தானே வாங்கிக் குடுத்தாரு" என்றாள் அம்மா. "கேக்குறவங்க அதைத்தான் கேப்பாங்க."

"வாங்கிக் குடுத்ததை அவன் குப்பையில போட்டான். அதை யாரும் கேக்கமாட்டாங்களா?"

இதற்குள் தம்பி பார்த்துவிட்டான். கூட்டத்திடம் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டிவிட்டு வந்தான். முழங்கையைப் பிடித்து அவளைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, ப்ளீஸ். இன்னைக்கு ஒரு நாள். வீட்டுல வந்து என்னை அடி."

"கையை எடுடா."

எடுத்தான்.

"கேட்டா குடுத்திருப்பியா?" என்றான்.

"மாட்டேன்."

"பார்த்தியா. அதான் கேக்கல."

"மேசை அட்டையில ரெண்டு பேரு பேரையும் போட்டா உன் விரல் தேஞ்சிடுமா?"

"ரெண்டு வருஷமா இந்தப் பொம்மைச் சங்கத்துல சுத்துறேன். ஒருத்தனும் மதிக்கல. உளவுக்காரி இருக்குன்னு சொன்ன அன்னைக்குத்தான் நாற்காலி போட்டாங்க. அக்காவோட பொம்மைன்னா என்ன ஆகும்? அப்போ நீ யாருடாம்பாங்க." அவன் குரல் கொஞ்சம் தடுமாறியது. நடிப்பாகத் தெரியவில்லை. "அந்த ஞாயித்துக்கிழமைல நானும் அங்கதானே இருந்தேன். அது என் சின்ன வயசும்தானே."

"உன் சின்ன வயசை நீ குப்பையில போட்டே. நான் பொறுக்கி வெச்சேன். இப்போ வேணும்னா கேட்டு வாங்கு. கதவைத் திறந்து எடுத்துட்டுப் போகாதே."

"நாலு மணிக்குக் கையெழுத்து. அதுக்கப்புறம் நீ என்ன வேணா பேசு."

சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு கூட்டத்துக்குத் திரும்பினான். மூன்று முப்பத்தைந்து.

*

சங்கத் தலைவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒவ்வொரு மேசைக்கும் போய்க் கண்ணாடியை வைத்துப் பார்த்து அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

பல்லுக்காரி அவரை வழிமறித்தாள். "அந்த மேசையில இருக்கிறது என்னுது."

"அவர் பேர்லதான் ஃபாரம் இருக்கு, மேடம்."

"பேரை யாரு வேணா எழுதலாம். பொம்மை என் அறையில இருபது வருஷமா இருக்கு."

"ரசீது?"

"குப்பையில பொறுக்கினதுக்கு எவன் ரசீது குடுப்பான்?"

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. யாருக்கு வாங்கினீங்க?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை. பூங்கொத்தைப் பார்த்தாள். "பையனுக்கு" என்றாள்.

"அவ்வளவுதான் விஷயம்" என்றார் பூதக்கண்ணாடி. "வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. நாங்க பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு. அசலா, அசல் இல்லையா."

அவர் பேசும்போது ஒவ்வொரு 'ச'விலும் ஒரு சின்ன விசில் வந்தது. மேல் வரிசை முழுக்கச் செட். ஈறு வற்றிப்போய்ச் செட் தொளதொளக்கிறது. மாற்றி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், மாற்றாமல் ஓட்டுகிறார். தொழில் புத்தி இந்த நேரத்திலும் பல்லுக்காரியை விடவில்லை.

அவர் மேசைக்குப் போனார். கூட்டம் விலகி வழிவிட்டது. உளவுக்காரிக்கு முன் குனிந்து, கண்ணாடியைக் கண்ணுக்கும் பொம்மைக்கும் நடுவில் பிடித்தார். மண்டபமே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பச்சை பூட்ஸ்" என்றார் கடைசியில். "கவனிச்சீங்களா? வெளிய விட்டதுல பூட்ஸ் வேற நிறம். இது அதுக்கும் முந்தி, கம்பெனிக்குள்ளயே நிறம் பார்க்கறதுக்குச் செஞ்ச சோதனைப் பீஸ். நான் கேள்விதான் பட்டிருக்கேன். இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

தம்பிக்கே வாய் பிளந்தது. உடனே மூடிக்கொண்டு, முன்னமே தெரியும் என்கிற மாதிரி தலையாட்டினான்.

"தொட்டுப் பார்க்கலாமா சார்?" என்றான் ஒருவன்.

"யாரும் தொடக்கூடாது. வெளிய வந்த பீஸுல பூட்ஸ் கழலும்னு ஒரு பேச்சு உண்டு. கழட்டிப் பார்த்தவன் எவனையும் நான் இதுவரைக்கும் சந்திச்சதில்ல. அவ்வளவு அபூர்வம். இது அதைவிட அபூர்வம்." நிமிர்ந்தார். "முதல் பரிசு. ஃபாரத்தைக் கொண்டாங்க."

கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். பூங்கொத்து மடியில் இருந்ததால் இரண்டு விரலால் தட்டினாள்.

பல்லுக்காரிக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பு வெள்ளை டிவியில் சாம்பல் நிறத்தைப் பார்த்து, ஒரு இருபது வயதுப் பெண் குருட்டாம்போக்கில் அடித்த பச்சை. அதை உலகத்திலேயே அபூர்வம் என்கிறார் இவர். பார்க்கப்போனால் பெருமையாகத்தான் இருந்தது. அசலைவிட உசத்தி என்று தன் கைவேலையை ஒரு சபை நிறைய ஆண்கள் எழுந்து நின்று பாராட்டுகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வருடம் ஊர் ஊராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ராணி மாதிரி போய்வருவாள் உளவுக்காரி.

கீழே தம்பி பெயரோடு.

ஃபாரம் வந்தது. தம்பி பேனாவின் மூடியைக் கழற்றினான்.

பல்லுக்காரி இரண்டு அடி முன்னால் போய் உளவுக்காரியை இடுப்பில் பிடித்து மேசையிலிருந்து பிய்த்தாள். டேப் சர்ரென்று விட்டது. நாலைந்து பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நினைத்தபடியே ஆயிற்று. இடது பாதத்தில் பெயிண்ட் உரிந்து டேப்போடு போயிருந்தது. உரிந்த இடத்தில் விரல் நகம் அளவுக்கு ரோஸ். வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் மட்டும்தான் பார்த்தாள். திருப்பி வைத்துவிட இன்னும் நேரம் இருந்தது.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினார் பூதக்கண்ணாடி. "அது எத்தனை வருஷத்துப் பீஸ் தெரியுமா?"

"தெரியும். இருபத்து மூணு வருஷம்." பாதத்தை அவர் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "நல்லா பாருங்க. இது என்ன நிறம்?"

அவர் பார்த்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி பார்த்தார்.

"இது... பொம்மைக் கம்பெனி பிளாஸ்டிக் இல்லையே. இது என்னது?"

"உங்க மேல்வரிசைப் பல்லை எது பிடிச்சிட்டு இருக்கோ, அதே சரக்கு."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தான். பூதக்கண்ணாடியின் கை தன்னையறியாமல் வாய்க்குப் போயிற்று.

"நான் பல்செட் செய்யறவ" என்றாள் பல்லுக்காரி. "இதை லேபுல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நான்தான் செஞ்சேன். சோதனைப் பீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க வீட்டு டிவியில கலர் தெரியாது. அதனாலதான் பச்சை. கேப்டனுக்கு இடது கை நான் செஞ்சது. அந்த நீச்சல்காரனுக்கு ரெண்டு காலும். சுரண்டிப் பாருங்க, உள்ளே எல்லாம் ஈறுதான்."

பேனா தம்பியின் கையில் அந்தரத்தில் நின்றது. "அக்கா" என்றான். "பழைய கடையில வாங்கினேன்னு சொன்னே."

"பொய் சொன்னேன். நீயும்தான் இவ்வளவு நேரம் சொன்னே. உன்னுதுக்குக் கைதட்டினாங்க."

பூதக்கண்ணாடி கேப்டனைத் திருப்பினார். நீச்சல்காரனைத் திருப்பினார். தானே நகத்தால் சுரண்டினார். ஒவ்வொன்றாகத் திருப்பத் திருப்ப அவர் காது சிவந்துகொண்டே வந்தது. திருட்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தன் கண்ணாடி ஏமாந்ததுதான் அவர் கவலை.

"இந்த மேசை நீக்கம்" என்றார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் தாளை எடுத்தார். 'போலி' என்று அச்சடித்திருந்தது. ஒவ்வொரு பொம்மையின் நெஞ்சிலும் ஒவ்வொன்றாக ஒட்டினார். கேப்டனுக்கு, நீச்சல்காரனுக்கு, சமையல்காரனுக்கு, வில்லனுக்கு. உளவுக்காரிக்கு ஒட்டக் கையை நீட்டியபோது பல்லுக்காரி பின்வாங்கினாள்.

"போலின்னு ஒட்டாதீங்க. ஒட்டுப்போட்டதுன்னு எழுதி ஒட்டுங்க."

"எங்க விதியில ரெண்டும் ஒண்ணுதான்."

"இது யாரோடதுன்னு கேக்க உங்க விதியில ஒரு வரி இருக்கா?"

அவர் ஸ்டிக்கர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். கூட்டமும் அவரோடு நகர்ந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் மூச்சு விடாமல் பார்த்தவர்கள், இப்போது அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தொற்று ஏதோ இருக்கிற மாதிரி.

ஒருவர்கூட அவள் செய்த வேலையைக் குனிந்து பார்க்கவில்லை. இருபத்து மூன்று வருடம் யாரும் கண்டுபிடிக்காத கை அது. கண்டுபிடித்ததும் குப்பை.

அவள் அட்டைப்பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கினாள். டேப்பின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மெதுவாக, ஒவ்வொரு பாதமாக விடுவித்தாள். தம்பி பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் திருப்திதானே?" என்றான்.

"இல்ல."

"எனக்கும் இல்லாம பண்ணிட்டே, உனக்கும் இல்லாம பண்ணிட்டே. சும்மா இருந்திருந்தா உன் வேலைதான் முதல் பரிசு வாங்கியிருக்கும்."

"யார் பேர்ல?"

அவனுக்கு மூடி கிடைக்கவில்லை. பேனாவை அப்படியே சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். பைக்குக் கீழே நீலமாக மை பரவுவது அவனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஒரு பெஞ்சு. அம்மா ஒரு முனையில், மகள் மறுமுனையில். நடுவே அட்டைப்பெட்டி.

அம்மா நெஞ்சிலிருந்த அட்டையை இன்னும் கழற்றவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டிருக்கிறாளா என்று தெரியவில்லை.

"என் மானத்தை வாங்கிட்டே" என்றாள்.

"நீ 'பையனுக்கு'ன்னு சொன்னியே, அப்போ என்னுது போகலையா?"

"உண்மையைத்தானே சொன்னேன். அவனுக்குத்தான் வாங்கினது."

"சரி."

ஒரு பேருந்து வந்தது, அவர்களுடையது இல்லை. போயிற்று. அம்மா பூங்கொத்தின் காகிதத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உளவுக்காரி மேலாகப் படுத்திருந்தாள். பன்னிரண்டு பேரில் ஸ்டிக்கர் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

"முழுக்க நீயே செஞ்சதா?"

"ஆமா."

"முகம்கூடவா?"

"முகம்தான் முதல்ல செஞ்சேன்."

அம்மா உளவுக்காரியைக் கையில் எடுத்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் அதைத் தொடுவது இதுவே முதல் தடவை. ஜாடை பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பினாள்.

"முகம் அப்படியே வந்திருக்கு" என்றாள். "பூட்ஸுதான் தப்பு. மஞ்சள்ல இருக்கும்."

பல்லுக்காரி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள்.

"ரப்பர்ல செஞ்சது" என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள், பச்சை பூட்ஸைக் கட்டைவிரலால் தடவியபடி. "இழுத்தா கழண்டு வரும். உள்ளே பாதம் தனியா இருக்கும். விரல் அஞ்சும் தனித்தனியா, சுண்டுவிரலுக்குக்கூட நகம் வெச்சு..."

நிறுத்திக்கொண்டாள். கட்டைவிரலும் நின்றது.

கழட்டிப் பார்த்தவன் எவனையும் நான் இதுவரைக்கும் சந்திச்சதில்ல. அந்த விசில் குரல் பல்லுக்காரியின் காதில் அப்படியே கேட்டது.

"அம்மா."

"பஸ் வருது பாரு."

"நம்ம டிவி கறுப்பு வெள்ளை. அந்த ஆள் நிறத்தைச் சொல்லல. விரல் இருக்குன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. அம்மா பொம்மையைப் பெட்டிக்குள் வைத்தாள், பஞ்சை இழுத்து மூடினாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியில் ஒரு காலை வைத்தபின், முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா ஒண்ணே ஒண்ணு உனக்குன்னு வாங்கிட்டு வந்தாரு. எங்கேயோ அலைஞ்சு. அவன் பார்த்தா அழுவான்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

உள்ளே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூங்கொத்தை மடியில் நேராக வைத்தாள்.

பல்லுக்காரி பெட்டியோடு பின்னாலேயே ஏறினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் உட்காரவில்லை. பேருந்து கிளம்பிய உலுக்கலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் எதிரே நின்றாள். பன்னிரண்டு பேரும் பெட்டிக்குள் கலகலவென்று மோதினார்கள்.

"எங்கே எடுத்து வெச்சே?" என்றாள்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா எங்கே இருக்குன்னு கேட்டேன்."